சடையில் பார்த்த நிறம் நூலில் வருமா?

கையால் சாயமேற்றிய கம்பளியைச் சடை பின்னித்தான் விற்பார்கள். வழக்கமாக 100 கிராம். மெரினோ, புளூஃபேஸ்டு லெஸ்டர், காரிடேல் என்று ஏதாவது ஓர் ஆட்டினத்தின் கம்பளி, சீவி நேராக்கப்பட்டு, கை மணிக்கட்டு தடிமனுக்கு நீளமாக இருக்கும். இதை ‘டாப்’ என்பார்கள். வாடாமல்லி, மாம்பழ மஞ்சள், மயில் நீலம் என்று அடுக்கடுக்காக நிறங்கள். ஆசையாக வாங்கி, நூற்று, இரண்டு ஒற்றை நூல்களைச் சேர்த்து இரண்டு புரியாக முறுக்கி, அலசிக் காயவைத்துப் பார்த்தால் வாடாமல்லியும் இல்லை, மஞ்சளும் இல்லை. மண் நிறத்தில் ஒரு நூல் சிட்டம் தொங்கும். சாயம் ஒன்றும் வெளுத்துவிடவில்லை. சடையில் தள்ளித் தள்ளி இருந்த நிறங்கள் நூலில் நெருங்கிவிட்டன.

நூற்பவர் நிறத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதிக்கு மேல் இந்த நெருக்கத்தில் அடங்கிவிடும். இரண்டு நிறங்கள் துணியில் நாலு விரல் தள்ளி இருந்தால் இரண்டு பட்டைகளாகத் தெரியும். ஒரே நூலில் இரண்டு புரிகளாக ஒன்றையொன்று சுற்றிக்கொண்டால், கிட்டத்தில் சுருள்கோடாகவும் எட்டத்தில் ஒரே கலவையாகவும் தெரியும். ஒரு புரிக்குள்ளேயே இழை இழையாகக் கலந்துவிட்டால் இரண்டுமே மறைந்து மூன்றாவதாக ஒரு நிறம் வந்துவிடும்.

இவை நமக்குப் புதிதல்ல. மயில்கழுத்துப் பட்டுப்புடவையில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். புடவையை ஆட்டினால் இரண்டும் மாறி மாறித் தெரியும். திருப்பூரில் மெலஞ்ச் என்று ஓடும் சாம்பல் நிற டி-ஷர்ட் துணியில் சாயமேற்றிய பஞ்சையும் வெள்ளைப் பஞ்சையும் நூலாகும் முன்பே கலந்துவிடுகிறார்கள். கம்பளியில் இந்தக் கலைக்குப் பேர்போனது ஸ்காட்லாந்தின் ஹாரிஸ் ட்வீட். அங்கே நூலுக்குச் சாயம் போடுவதில்லை. கம்பளிக்கே சாயம் போட்டு, பல நிறங்களை எடைபோட்டுக் கலந்து, பிறகுதான் நூற்கிறார்கள். பச்சைக் கோட்டு என்று நாம் நினைப்பதைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனால் உள்ளே ஆரஞ்சு, நீலம், ஊதா என்று இழைகள் எட்டிப்பார்க்கும். அந்த ஆரஞ்சை எடுத்துவிட்டால் பச்சை உயிரற்றுப் போகும்.

பெயின்ட் கலப்பது வேறு, இழை கலப்பது வேறு

நீலச் சாயத்தில் மஞ்சள் சாயத்தை ஊற்றினால் பச்சை வரும் என்பது பள்ளியில் படித்தது. அதை நம்பி நீலக் கம்பளியையும் மஞ்சள் கம்பளியையும் சேர்த்து நூற்றால் அந்தப் பளிச்சென்ற பச்சை வராது. சாம்பல் பூத்த, மங்கிய ஒரு பச்சைதான் வரும். ஒரே பாத்திரத்தில் கலந்த சாயங்கள் ஒவ்வொன்றும் வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்குகின்றன, மிஞ்சுவது பச்சை. இழைகளில் அப்படி இல்லை. நீல இழை நீலத்தையே திருப்பி அனுப்புகிறது, மஞ்சள் இழை மஞ்சளையே அனுப்புகிறது. இரண்டையும் கண் சராசரி எடுத்துக்கொள்கிறது. நிறங்கள் எவ்வளவு விலகியிருக்கின்றனவோ அவ்வளவுக்கு அந்தச் சராசரி சாம்பலை நெருங்கும்; நேரெதிர் நிறங்களில் அது கிட்டத்தட்ட சாம்பலே.

ஆகவே நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் வண்ணச் சக்கரத்தில் நேரெதிரே இருக்கும் ஜோடிகளில்தான் கவனம் வேண்டும்: மஞ்சள்–ஊதா, ஆரஞ்சு–நீலம், சிவப்பு–பச்சை. இவை தள்ளி நின்றால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். இழை அளவில் கலந்தால் ஒன்றையொன்று கொன்றுவிடும். முதல் பத்தியில் சொன்ன சிட்டத்தில் வாடாமல்லிக்கும் மாம்பழ மஞ்சளுக்கும் நடந்தது அதுதான். சக்கரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவற்றை எப்படிக் கலந்தாலும் கெடாது: நீலம், மயில் நீலம், பச்சை, அல்லது அரக்கு, ஆரஞ்சு, மஞ்சள். முதல் முறையாக நூற்பவர் இப்படிப்பட்ட ஒரு சடையில் தொடங்கினால் ஏமாற்றம் குறையும்.

முதலில் வெளிர்–அடர், பிறகுதான் நிறம்

புதிதாக வருபவர்கள் நிறத்தின் பெயரைப் பார்க்கிறார்கள். பழகியவர்கள் அது எவ்வளவு லைட், எவ்வளவு டார்க் என்று பார்க்கிறார்கள். நூலில் சுருள்கோடு அடித்துப்பிடித்துத் தெரியுமா, அடங்கி நிற்குமா என்பதை முடிவுசெய்வது இந்த வெளிர்–அடர் வித்தியாசம்.

இரண்டு ஜோடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மெரூனும் பாட்டில் பச்சையும் சக்கரத்தில் எதிரெதிர். ஆனால் இரண்டுமே அடர் நிறம். இருபுரியாக முறுக்கினால் ஆழமான, கனமான ஒரு நூல் கிடைக்கும். சுருள்கோட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மெரூனும் வெளிர் ரோஜாவும் ஒரே குடும்பம். ஆனால் முறுக்கினால் கலர் மிட்டாய்க் குச்சி மாதிரி கோடு கோடாக நிற்கும். ‘பொருத்தமான நிறங்கள்தானே எடுத்தேன், ஏன் இப்படிக் கண்ணைக் குத்துகிறது?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

இதைச் சோதிக்க ஒரு போன் போதும். உத்தேசித்த கம்பளிகளை எல்லாம் ஒன்றாக வைத்து ஒரே படமாக எடுங்கள். பிறகு கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். தனித்தனியாக எடுத்தால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைத் தானே சரிசெய்துவிடும், ஒப்பிட முடியாது. படத்தில் எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்த நிறங்களை எப்படிச் சேர்த்தாலும் நூல் அமைதியாக இருக்கும். ஒன்று வெள்ளையாகவும் மற்றொன்று கரியாகவும் தெரிந்தால் சுருள்கோடு நிச்சயம்.

மஞ்சளுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. பளிச்சென்ற மஞ்சள் எப்போதுமே வெளிர் பக்கம்தான். அதை அடர்த்தியாக்கினால் கடுகு நிறமாகவோ பாசி நிறமாகவோ மாறிவிடும். ஊதாவும் கருநீலமும் இயல்பிலேயே அடர் பக்கம். எனவே பளீர் மஞ்சளும் ஊதாவும் உள்ள சடையில் இரண்டு சிக்கல்கள் ஒன்றாக வருகின்றன: தள்ளி நின்றால் கண்ணைப் பறிக்கும், கலந்தால் மண்ணாகும். அழகான சடைகள் பல இந்த ஜோடியால்தான் அழகாக இருக்கின்றன என்பது வேறு விஷயம்.

பக்கத்தில் இருப்பது மாற்றிக் காட்டும்

பாரிஸில் கோபலான் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடம் உண்டு. 1824-இல் அதன் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றவர் மிஷேல் யூஜேன் ஷெவ்ரோல் என்ற வேதியியலாளர். அங்கே போடும் கறுப்புச் சாயம் சரியில்லை, நீலமும் ஊதாவும் சேர்ந்த நெசவில் கறுப்பு மங்கித் தெரிகிறது என்று புகார். அவர் அந்தக் கறுப்புக் கம்பளியை வேறு இடங்களின் நல்ல கறுப்புக் கம்பளியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்; சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை அப்படிக் காட்டியிருக்கின்றன. அருகருகே வைத்த இரண்டு நிறங்கள் தமக்குள் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் என்று அதிலிருந்து அவர் எழுதிய விதி 1839-இல் வெளிவந்தது. ஓவியர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அது பிறந்த இடம் கம்பளிச் சாயப்பட்டறை.

நூற்பவருக்கு இதில் கிடைப்பது: ஒரு நிறத்தைத் தனியாக வைத்து நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். கடையில் அழுது வடிவதாகத் தெரிந்த சாம்பல் கம்பளி, ஆரஞ்சுக்குப் பக்கத்தில் போனால் லேசாக நீலம் பூசியதுபோல் எழுந்து நிற்கும். ஐந்து பளிச் நிறங்களை ஒன்றாகச் சேர்த்தால் எதுவும் பளிச்சென்று தெரியாது. நான்கை மங்கலாக்கி ஒன்றை மட்டும் பளிச்சென்று விடுங்கள்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது

சடை பொய் சொல்லும். பின்னலில் மேலே தெரியும் நிறம் அதிகம்போலத் தோன்றும். பிரித்துப் போட்டால் பாதி நீளம் வெள்ளையாக இருக்கலாம். பிரித்த நிலையில் படம் கிடைத்தால் அதைப் பாருங்கள். வெள்ளை விட்ட இடங்கள் நூலில் எல்லா நிறத்தையும் வெளுக்கச் செய்யும், சுருள்கோட்டையும் கூட்டும். புடவையைக் கடை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்ப்பதுபோல இதையும் வெயில் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. எல்இடி விளக்கில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நீலங்கள் வெளியே வந்ததும் வேறு வேறாகிவிடும்.

அடுத்து, ஒவ்வொரு நிறமும் எவ்வளவு நீளத்துக்கு இருக்கிறது என்று அளந்து பாருங்கள். இதைப் பலரும் கவனிப்பதில்லை; ஆனால் கணக்கு எளிது. 100 கிராம் டாப் சுமார் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மெல்லியதாக நூற்றால் அதிலிருந்து 800 மீட்டர் ஒற்றை நூல் வரும். அதாவது கம்பளி 200 மடங்கு நீள்கிறது. 30 செ.மீ. நீளத்துக்கு இருந்த ஒரு நிறம், நூலில் 60 மீட்டர் ஓடும்.

இதில் 60 மீட்டரும் சுத்தமான நிறமாக இருக்காது. மெரினோ இழை ஒன்றின் நீளம் ஏறக்குறைய 8 செ.மீ. இரண்டு நிறங்கள் சந்திக்கும் எல்லையில் அந்த 8 செ.மீ.க்குள் இருக்கும் இழைகள் பாதி இந்த நிறம், பாதி அந்த நிறம். அவையும் 200 மடங்கு நீள்வதால் நூலில் 16 மீட்டர் தூரத்துக்குக் கலவை நிறம் வரும். நிறப்பட்டை 30 செ.மீ. இருந்தால் இது கவலையில்லை. நடுவில் சுத்தமான நிறம் மிச்சமிருக்கும். பட்டையே 8 செ.மீ.தான் என்றால் முழுக்கக் கலவைதான், சுத்தமான நிறம் எங்கேயும் வராது. குட்டிக் குட்டியாகப் பல நிறம் தெளித்த சடைகள் பார்க்கக் கொண்டாட்டமாக இருந்து, நூற்றதும் ஒரே நிறமாகிவிடுவது இதனால்தான். அவற்றை வாங்கக்கூடாது என்பதில்லை. அந்தச் சடையின் எல்லா நிறமும் ஒன்றாகக் கலந்தால் வரும் நிறம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

கம்பளியோடு வேறென்ன சேர்ந்திருக்கிறது என்றும் கேளுங்கள். கம்பளிக்குப் போடும் அமிலச் சாயம் பட்டிலும் நைலானிலும் ஏறும். டென்சல், மூங்கில் இழை போன்ற தாவர வகைகளில் ஏறாது. அவை வெள்ளையாகவே நின்று, அடர் நிறத்தின்மேல் பளபளக்கும் வெண்கோடுகளாகத் தெரியும். அடர் நிறத்தில் மெலஞ்ச் போன்ற தோற்றம் வேண்டுமென்றால் அது நல்லது; நல்ல கருநீலம் வேண்டுமென்றால் ஏமாற்றம். பளபளப்பும் இனத்துக்கு இனம் மாறும். அதே சாயம் புளூஃபேஸ்டு லெஸ்டரில் மினுமினுக்கும், மெரினோவில் மிருதுவாக அடங்கித் தெரியும்.

சாயம் கசிகிறதா என்பதற்கு: ஒரு சிட்டிகைக் கம்பளியை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்து, வெள்ளை டிஷ்யூ பேப்பரில் வைத்து அழுத்துங்கள். மயில் நீல வகைகள் மெதுவாகப் பிடிக்கும் சாயங்கள். கசிவதில் முதலிடம் அவற்றுக்கே. கசிந்தால் நூற்பதற்கு முன் சரிசெய்துகொள்ளலாம். கம்பளியை நனைத்து, 100 கிராமுக்கு 60 மி.லி. வெள்ளை வினிகர் விட்ட தண்ணீரில் மெல்லச் சூடேற்றி, கொதிக்கவிடாமல் 85–90 டிகிரியில் அரைமணி நேரம் வைத்து, அதே பாத்திரத்திலேயே ஆறவிட வேண்டும். கிளறவோ திடீரென்று குளிர்ந்த நீரில் போடவோ கூடாது. இழைகள் பிசைந்த மாவாக ஒட்டிக்கொண்டு பிறகு இழுபடாது.

ஒரே சடை, பல நூல்

வேலை தொடங்குமுன் சடையின் ஒரு முனையில் ஒரு நூல்துண்டைக் கட்டி அடையாளம் வையுங்கள். பிரித்த துண்டுகளில் ஒன்று தலைகீழானால் நிற வரிசையே புரண்டுவிடும். அடையாளமில்லாமல் அதைக் கண்டுபிடிப்பது பாதி நூற்ற பிறகுதான் நடக்கும். சாயப் பாத்திரத்தில் கிடந்து இறுகியிருந்தால் இரண்டு கைகளாலும் குறுக்கே விரித்து, உதறி, இழைகளை விடுவித்துக்கொள்ளுங்கள்.

எளியது: சடையை நீளவாக்கில் சரிபாதியாகப் பிரித்து, 50 கிராம், 50 கிராம் என்று சமையலறைத் தராசில் சரிபார்த்து, ஒரே முனையிலிருந்து இரண்டு பாபின்களில் (நூல் சுற்றும் உருளைகளில்) நூற்று, இருபுரியாக முறுக்குவது. நீலம் நீலத்தோடும் பச்சை பச்சையோடும் சேரும். முழுக்கச் சேராது, ஒரு பாபின் 400 மீட்டரும் மற்றது 420 மீட்டரும் வந்தால் கடைசியில் 20 மீட்டர் தள்ளிப்போயிருக்கும். நிறம் மாறும் இடங்களில் இப்படிச் சற்றுத் தள்ளிப்போவது பார்க்க நன்றாகவே இருக்கும். பிடிக்கவில்லையென்றால் முறுக்கும்போது நிறுத்தி, பின்தங்கி இன்னும் பழைய நிறத்திலேயே ஓடும் புரியில் தேவையான அளவை அறுத்தெடுத்துவிட்டு மறுபடி இணைத்துக்கொள்ள வேண்டும்.

நிறங்கள் துளிக்கூட கலக்கக்கூடாது என்றால் சங்கிலிப் புரி. ஒரே ஒற்றை நூலைப் பெரிய பெரிய கண்ணிகளாகக் கோத்துக்கொண்டே முறுக்கி முப்புரியாக்கும் முறை இது. நூல் தன்னோடு தானே சேர்வதால் நிறம் நிறத்தோடுதான் இருக்கும். நீளம் மூன்றில் ஒரு பங்காகும்: 60 மீட்டர் நீலம் 20 மீட்டராகும். ஒரு காலுறைச் சுற்றுக்கு சுமார் 70 செ.மீ. நூல் போகும் என்றால் அது 28 சுற்று, ஏறக்குறைய 6 செ.மீ. அகலப் பட்டை. அவ்வளவு அகலம் வேண்டாமென்றால் சடையை நீளவாக்கில் 4 கீற்றுகளாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக நூற்க வேண்டும். பட்டை 7 சுற்றாகக் குறையும். அதே நூலில் 300 பின்னல் கண்ணி அகலமுள்ள சால்வை பின்னினால் ஒரு வரிசைக்கே மூன்றரை மீட்டர் போகும். 4 கீற்று நூலில் ஒரு நிறம் ஒன்றரை வரிசைகூடத் தாங்காது. பட்டை வராது, அங்கங்கே சிதறும். எனவே எதைப் பின்னப்போகிறோம் என்று தெரிந்த பிறகே எத்தனை கீற்று என்று முடிவுசெய்ய முடியும்.

இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. நூற்பவர்கள் அதை ஃபிராக்டல் என்கிறார்கள். 100 கிராமை இரண்டு 50-ஆகப் பிரியுங்கள். முதல் 50 கிராமை அப்படியே முழு அகலத்தில் நூற்க வேண்டும். நிற வரிசை ஒரு தடவை மட்டும், நீளநீளமாக வரும். இரண்டாவது 50-ஐ நீளவாக்கில் நான்கு கீற்றாக, தலா 12.5 கிராம், பிரித்து வரிசையாக நூற்க வேண்டும். அதே நிற வரிசை நான்கு தடவை, குறுகக்குறுக வரும். இரண்டையும் சேர்த்து முறுக்கினால் நீளமான நிறம் ஒன்று பின்னணியாக நிற்க, குறுகிய நிறங்கள் அதன்மேல் மாறிக்கொண்டே போகும். அவ்வப்போது இரண்டு புரியும் ஒரே நிறத்தில் சந்திக்கும்போது ஒரு சுத்தமான பட்டை வரும். மூன்று முதல் ஐந்து நிறங்கள், அவற்றின் வெளிர்–அடர் அளவு ரொம்பத் தூரமில்லை என்றால் இதைவிட நல்ல முறை இல்லை. கருநீலமும் எலுமிச்சை மஞ்சளும் வெள்ளையும் உள்ள சடையில் இதைச் செய்தால் துணி முழுக்கச் சுருள்கோடுதான்; பட்டைகள் எங்கே என்று தேட வேண்டும்.

எந்த முறையிலும் இழுத்து நூற்கும் விதம் நிறத்தைத் தொடும். விரலால் அழுத்தி வழவழப்பாக நூற்றால் நிறங்களின் ஓரம் கூர்மையாக இருக்கும். காற்றோட்டமாக, மயிரெழும்பிய நூலாக நூற்றால் பக்கத்து நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மங்கும். டாப்பின் அகலத்திலேயே இடப்பக்கம் ஒரு நிறம், வலப்பக்கம் ஒரு நிறம் என்று இருந்தால், ஒரு சாண் துண்டைப் பிய்த்து விரலின்மேல் மடித்துப்போட்டு, மடிப்பிலிருந்து நூற்கலாம். அந்தந்த நிறத்தைத் தனித்தனியாகப் பிய்த்துக்கொள்ள முடிவதால் கலப்பு நம் கையில் இருக்கும்.

இரண்டு சடைகளைச் சேர்ப்பது

பல நிறச் சடை ஒன்றோடு ஒரே நிறக் கம்பளியைப் புரியாகச் சேர்ப்பது பத்திரமான வழி. அந்த ஒற்றை நிறம் எல்லா இடத்திலும் ஓடுவதால் சண்டைபோடும் நிறங்களையும் ஒன்றாகக் கட்டிவைக்கும். சடையில் ஏற்கெனவே இருக்கும் ஒரு நிறத்தையே எடுங்கள், அதிலும் ரொம்ப அடர்வும் இல்லாத ரொம்ப வெளிறலும் இல்லாத ஒன்றை. வெள்ளையைச் சேர்த்தால் சடையின் எல்லா நிறமும் பால் கலந்ததாகும், கறுப்பைச் சேர்த்தால் சுருள்கோடு தூக்கலாகும்.

இரண்டுமே பல நிறச் சடைகள் என்றால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு நிறமாவது இருக்க வேண்டும். பாக்கு நிறமும் மயில் நீலமும் ஒன்றில், மயில் நீலமும் இலைப்பச்சையும் மற்றொன்றில் என்றால் அந்த மயில் நீலம் பாலம் போட்டுவிடும். முப்புரியில் இன்னும் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. இரண்டு புரி நெருங்கிய நிறங்கள், மூன்றாவது மட்டும் வெளிராக இருந்தால் கோடாகத் தெரியாமல் பொட்டுப் பொட்டாகத் தெரியும்.

இரண்டு கீற்றுகளை ஒரே கையில் சேர்த்துப் பிடித்து ஒரே புரியாக நூற்பதும் உண்டு. அதற்கு இரண்டும் ஒரே வகைக் கம்பளியாக இருப்பது நல்லது. நீள இழையும் குட்டை இழையும் சேர்ந்தால் ஒன்று முந்தும், ஒன்று பின்தங்கும். பட்டு கலந்த கீற்று வழுக்கிக்கொண்டு முதலில் தீர்ந்துவிடும், மிச்சமெல்லாம் மற்ற நிறமாகவே வரும். அலசிய பிறகு கம்பளி உப்புகிற அளவு ஆட்டினத்துக்கு ஆட்டினம் மாறும் என்பதால், வெவ்வேறு இனங்களைத் தனித்தனிப் புரியாக முறுக்கினாலும் ஒரு புரி தளர்ந்து அலையும்.

ஸ்வெட்டர் அளவுக்கு ஒரே பெயரில் ஆறு சடை வாங்கினாலும் கைச்சாயத்தில் ஆறும் ஆறு விதமாகத்தான் இருக்கும். ஒன்றை முடித்து அடுத்ததைத் தொடங்கினால் மார்பில் ஒரு நிறம், இடுப்பில் ஒரு நிறம் என்றாகும். ஆறையும் கீற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பாபினுக்கும் ஒவ்வொரு சடையிலிருந்தும் ஒரு கீற்றாவது போகும்படி பங்கிடுங்கள்.

நூற்கும் முன்பே கலப்பது

ஹாரிஸ் ட்வீட் மாதிரி உள்ளுக்குள் பல நிறம் ஓடும் நூல் வேண்டுமென்றால் கம்பளியைக் கம்பிப் பல் பதித்த கைப்பலகைகளான கார்டுகளிலோ, அதே பற்கள் பதித்த உருளைகளைச் சுற்றும் டிரம் கார்டரிலோ கலக்க வேண்டும். எடைபோட்டுக் கலப்பது அவசியம்; இல்லையென்றால் மறுபடி அதே நிறம் வராது. உதாரணமாக 100 கிராமுக்கு: பாட்டில் பச்சை 60, மயில் நீலம் 30, கடுகு மஞ்சள் 7, செங்கல் ஆரஞ்சு 3. முதலில் பச்சை, நீலம், மஞ்சளை ஓட்டிவிட்டு, ஆரஞ்சைக் கடைசிச் சுற்றில் மட்டும் தூவ வேண்டும். முதலிலேயே போட்டால் அந்த 3 கிராம் பச்சையில் கரைந்து, அதைச் சற்று மங்கலாக்குவதோடு சரி. கடைசியில் போட்டால் தனித்தனிப் பொட்டாகத் தெரியும்.

எத்தனை தடவை ஓட்டுவது என்பதில்தான் நூலின் தோற்றம் இருக்கிறது. ஒரு தடவை ஓட்டினால் நிறங்கள் வரிவரியாக நிற்கும், நூலும் சில மீட்டருக்கு ஒருமுறை மாறும். இரண்டில் கலவையும் தெரியும், உள்ளிருக்கும் நிறங்களும் தெரியும். மூன்று, நான்கு என்று போனால் ஒரே நிறமாகிவிடும். அதற்கு அந்த நிறத்திலேயே கம்பளி வாங்கியிருக்கலாம். மெரினோ போன்ற மெல்லிய இழை அதிகம் ஓட்டினால் அறுந்து சுருண்டு குட்டிக் குட்டி உருண்டைகளாகும். மில்லில் நெப்ஸ் என்பார்களே, அதேதான். கலந்து பழக காரிடேல் போன்ற சற்றுத் தடித்த இழையே சரி.

கறுப்பைக் கலப்பதில் கஞ்சத்தனம் வேண்டும். 100 கிராமில் 10 கிராம் கறுப்பு மற்ற எல்லா நிறத்தையும் அழுக்காக்கப் போதும். அடர்த்தி வேண்டுமென்றால் கருநீலமோ ஆழ்ந்த கத்தரிப்பூ நிறமோ கலந்து பாருங்கள். இருளும், நிறமும் சாகாது.

மாதிரி போட்டுப் பார்ப்பது

முடிவெடுக்க மூன்று கட்டங்கள் உண்டு. முதலாவது, உத்தேசித்த நிறங்களில் ஒவ்வொரு சிட்டிகை பிய்த்து, விரல்களுக்கிடையே இழுத்து முறுக்கி, பாதியாக மடித்து விடுவது. தானே சுற்றிக்கொண்டு ஓர் அங்குல இருபுரி நூலாகும். ராட்டையோ தக்கிளியோ வேண்டாம், கடையில் நின்றுகொண்டே செய்யலாம். அதைக் கை நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எட்டத்தில் எப்படித் தெரியும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது, 2 கிராம் நூற்பது. மேலே சொன்ன தடிமனில் 16 மீட்டர் ஒற்றை நூல், இருபுரியாக 8 மீட்டர். உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரம் பின்ன அது போதும். பல நிறச் சடையில் மாதிரி எடுக்கும்போது முனையிலிருந்து 2 கிராம் வெட்டினால் ஒரே நிறம்தான் கிடைக்கும். நீளவாக்கில் ஒரு மெல்லிய நார் உரித்தெடுக்க வேண்டும், அப்போதுதான் எல்லா நிறமும் மாதிரிக்குள் வரும்.

மூன்றாவது, அதை அலசிக் காயவைத்துப் பின்னிப் பார்ப்பது. அலசியதும் கம்பளி உப்பி நிறங்களின் ஓரம் மழுங்கும். பாபினில் கண்டது இறுதி நிறமல்ல. பின்னலின் வழவழப்பான முன்பக்கமான நிட் பக்கம் பட்டைகள் சுத்தமாக நிற்கும், மேடுமேடான பின்பக்கமான பர்ல் பக்கம் கலந்து தெரியும். பிடித்த பக்கத்தைத் துணியின் முகமாக வைத்துக்கொள்வதில் தவறொன்றும் இல்லை. சதுரத்தின் மூலையில் ஓர் அட்டை கட்டி, சடையின் பெயர், ஆட்டினம், எத்தனை கீற்று, எத்தனை புரி, கலவையானால் ஒவ்வொரு நிறமும் எத்தனை கிராம், எத்தனை தடவை ஓட்டியது என்று எழுதிவையுங்கள். அதே அட்டையில் ஒற்றை நூலில் ஒரு சாண் துண்டையும் சுற்றிவைத்தால், பாதிச் சடை முடிந்தபின் ஒரு மாதம் கழித்து உட்கார்ந்தாலும் அதே தடிமனைப் பிடித்துவிடலாம்.